பொயிலரடியில் உனக்கொரு இடம்

786
சாய்ந்தமருது
28.08.1997

அன்பு மகன் அஸ்கிக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் வாப்பாவும், உன் ராத்தா அஸ்னாவும் மச்சான் மக்கீனும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தத் தம்மாம் வெயிலில் அப்படியே இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நீ பாலமுனைக்காரரிடம் கொடுத்து விட்ட சாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. சவர்க்காரமும் கோடாலித் தைலமும் ராத்தாவுக்குப் பாதி எனக்குப் பாதி. பிள்ளைகள் அந்த டேங் தூளைத் தண்ணீரில் கரைக்கவே விடாமல் நக்கி முடித்துவிட்டார்கள், ஏசினேன், பிறகு எனக்கே ஏசுவதற்கு அலுப்பாகிவிட்டது. வாப்பாவின் சட்டைத்துணி மடிப்புக் கலையாமல் அலுமாரியில் இருக்கிறது, தைக்கக் கொடுக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்க்கிறது, சிறுபோக வெட்டு முடியப் போகிறது, காரைதீவுச் சந்தியில் காவலரண் சோதனை முந்தி மாதிரிக் கடுமையில்லை. ஊர்ப் புதினம் அவ்வளவுதான், மீதி எல்லாம் நம் வீட்டுப் புதினம்.

விசா எடுத்துத் தந்த கபீல் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கச் சொல்கிறான், வைப்பதா ஊருக்கு வருவதா, ஹாஜியாரின் அரிசி மில்லில் எனக்கு ஒரு இடம் கிடைக்குமா, கேட்டு உடனே எழுதுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். உனக்குப் பேசி வைத்திருக்கிற றாஹிலாவின் வாப்பாவும் அதைத்தான் கேட்கிறார். வருஷம் விட்டு வருஷம் பெட்டியோடு வந்து போகிற மருமகன் தனக்கு வேண்டாமாம், ஊரிலே ஒரு தொழிலோடு மகளின் வீட்டில் வந்து இருக்கிறவன்தான் வேண்டுமாம், இந்த வருஷக் கடைசி வரைக்கும்தான் பார்ப்பாராம். ஆகவே நீ கேட்டது ஒரு வேலையைப் பற்றி மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். இடம் கிடைத்துவிட்டது மகன். நெல் அவிக்கிற பொயிலரில் வாப்பாவோடு நின்று வேலை பழகி, பிறகு நீயே அதைப் பொறுப்பெடுப்பதற்கு ஹாஜியார் சம்மதித்துவிட்டார். இதை எழுதும்போது நான் துள்ளிக் குதிக்க வேண்டும். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் இருக்குமே, அப்படி இருக்கிறது எனக்கு. கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சோறு ஆக்குகிறேன், முற்றம் கூட்டுகிறேன், தொழுகிறேன், பேனையை எடுத்தால் மட்டும் கை ஓடமாட்டேன் என்கிறது, அதனால்தான் இவ்வளவு சுணக்கம். இடம் எப்படிக் கிடைத்தது என்பதையும் எழுத வேண்டுமாம், வாப்பா சொல்லியிருக்கிறார், அதனால் பொறுமையாக இருந்து வாசி.

நீ போன பிறகு வாப்பா மில்லில் சங்கம் சேர்த்தார் என்பது உனக்குத் தெரியும், ஏன் சேர்த்தார் என்று நான் ஒழுங்காக எழுதியதில்லை. களத்தில் நெல் காயப்போடுகிற காரைதீவுத் தமிழ்ப் பெண்களில் அன்னப்பிள்ளை என்று ஒருத்தி, சின்னப் பிள்ளையில் நீ வெறுங்காலோடு களத்துச் சூட்டில் ஓடினால் தூக்கிக்கொண்டு போய் நிழலில் விடுவாளே, அவளேதான். போன வருஷம் அவித்த நெல்லை இறக்கும்போது கொதிதண்ணீர் அவளுடைய காலில் கொட்டி, வாரக் கணக்கில் வீட்டில் கிடந்தாள். களத்துப் பெண்களுக்கு வந்த நாளைக்குத்தான் கூலி, வராத நாளைக்கு ஒன்றுமில்லை. ஹாஜியார் ஒரு மூட்டை அரிசியும் தேங்காயும் அனுப்பினார், பொய் சொல்லக் கூடாது, கேட்காமலே அனுப்பினார். வாப்பா போய்க் கேட்டபோது, நான் என்ன கொறை வெச்சன் மீராமுகைதீன், அரிசி அனுப்பினேன்தானே என்று அவருக்கு வருத்தம். அது ஒங்கட இரக்கம் ஹாஜியார், நான் கேக்கிறது அவட கூலிய என்று வாப்பா சொல்லியிருக்கிறார். அந்தக் கதையில்தான் எல்லாம் தொடங்கியது. களத்துப் பெண்களையும் நிரந்தர ஆட்களாகப் பதிய வேண்டும், வயது போன காலத்துக்கு அவர்களுக்கும் சேமலாப நிதி கட்ட வேண்டும், வேலையில் காயப்பட்டுக் கிடக்கும் நாளைக்குப் பாதிக் கூலியாவது தர வேண்டும், இவ்வளவும்தான் சங்கம் கேட்டது. ஆண்களும் பெண்களும் நம்மாட்களும் தமிழாட்களும் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள், வாப்பாதான் தலைவர். கல்முனை அரசாங்கத் தொழில் கந்தோரில் ஹாஜியாரையும் கூப்பிட்டு வைத்துப் பேச்சு நடந்தது, அவர் ஓம் என்றும் சொல்லவில்லை இல்லை என்றும் சொல்லவில்லை, புது நெல் வரட்டும் பார்ப்போம் என்று தவணை வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தத் தவணைக்குள்தான் சம்பளத்தைக் கூட்டினார். எல்லோருக்கும் இல்லை, சங்கத்தில் சேராதவர்களுக்கு மட்டும். கிளாக்கர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முதலாளியை நம்பி நின்றவர்களுக்கு முதலாளி தானாகத் தருகிறார் என்று சொன்னாராம். சம்பளத்தோடு சாப்பாட்டு அரிசி, பெருநாளைக்கு உடுப்பு, வீட்டில் நோய் என்றால் டொக்டர் காசு, வளர்ந்த ஆண்பிள்ளை இருந்தால் அவனுக்கு மில்லில் ஒரு வேலை. சங்கம் கேட்காததையெல்லாம் கொடுத்தார், கேட்டதை மட்டும் கொடுக்கவில்லை. நம் மக்கீனும் அதே மில்லில் தராசடியில் நிற்கிறவர், சங்கத்தில் சேரவில்லை. மாமனார் சொல்லி மருமகன் சேர்ந்தான் என்று பேர் வரக்கூடாது, அவர்ட வீட்டுல நாமதான் இரிக்கம் என்று வாப்பா அவரை ஒரு சொல் கேட்கவில்லை. அஸ்னாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு, பின் அறையில் நாங்கள், குசினி ஒன்று. ஆகவே மக்கீனின் கூட்டின சம்பளம் நேரே என்னுடைய சட்டிக்குள் வந்தது. பாரை மீன் வந்தது, பால்மா வந்தது, ஒருநாள் வேனில் நாலு பிளாஸ்டிக் கதிரை வந்து இறங்கியது. நீலக் கதிரை, கடைக்காரர் சுற்றின பொலித்தீனை அஸ்னா இன்னும் கழற்றவில்லை, உட்கார்ந்தால் சரசரக்கிறது. வாப்பா மீனைத் தின்றார், குறை சொல்லவில்லை, கதிரையில் மட்டும் உட்காரமாட்டார். இடுப்புக்கு நிலம்தான் சுகம் என்று பாயில் இருந்துகொள்வார், அந்த இடுப்பு வலி கதிரை வந்த அன்றைக்குத்தான் வந்தது. மக்கீனும் பாவம், மாமனார் பாயில் இருக்கத் தான் எப்படிக் கதிரையில் இருப்பது என்று அவரும் நிலத்தில் இருப்பார். நாலு கதிரையிலும் பூனைதான் மாறி மாறிப் படுத்தது.

அதற்குப் பிறகும் சங்கம் கலையவில்லை. ஒருவர் இருவர் விலகினார்கள், வாப்பா அசையவில்லை. கலைத்தது ஒரு கந்தூரி. சிறுபோக நெல் மில்லுக்குள் வருவதற்கு முன்னால் ஹாஜியார் மௌலூது ஓதிச் சோறு கொடுப்பது வருஷா வருஷம் நடப்பது. சங்கம் வேறு கந்தூரி வேறு, நபியின் பேரில் ஓதுகிற இடத்துக்கு வரமாட்டேன் என்று யார் சொல்வது. வாப்பா வெள்ளைச் சாரனும் தொப்பியுமாகப் போய் முன்வரிசையில் இருந்தார், சங்கத்தில் இருந்தவன் இல்லாதவன் எல்லோரும் ஒரே பாயில். பெண்கள் நாங்கள் துணி கட்டிய மறைப்புக்குப் பின்னால். காரைதீவுப் பெண்கள் எப்போதும் ஓதி முடிந்த பிறகுதான் வந்து வாழையிலையில் மரக்கறிச் சோறு வாங்கிக்கொண்டு போவார்கள், மாட்டிறைச்சி அவர்களுக்கு ஆகாதே. மௌலவி துஆவுக்குக் கை ஏந்தினார், முதலில் அறபு, பிறகு தமிழ். மழையைத் தா என்றார், ஆமீன். நெல்லில் பறக்கத்தைத் தா, பெருகச் செய் என்றார், ஆமீன். கடல் கடந்து போன பிள்ளைகளைக் காப்பாற்று என்றார், அந்த ஆமீனை நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அதே இழுப்பில், மூச்சு விடாமல், இந்த மில்லில் முதலாளியை நம்பி நின்றவர்களுக்கு அவர் கூட்டிக் கொடுத்ததில் பறக்கத் செய்வாயாக, ஆமீன், மற்றவர்களும் மனம் திரும்பி அதையே பொருந்திக்கொள்ள வைப்பாயாக, ஆமீன், வழக்கையும் பித்னாக் குழப்பத்தையும் இந்த வாசலை விட்டு இன்றோடு நீக்குவாயாக, ஆமீன். நானும் சொன்னேன் மகன். துஆவில் வருகிற சொல்லை யார் நின்று கேட்கிறார்கள், மௌலவியின் குரல் இறங்குகிற இடத்தில் வாய் தானாகச் சொல்கிறது, மனம் கறிச்சட்டிப் பக்கம் இருக்கிறது. முன்வரிசையில் இருந்த வாப்பாவும் சொல்லிவிட்டார். பாத்திஹா ஓதி முகத்தில் கை தடவின பிறகு, ஹாஜியார் எழுந்து வந்து எல்லோருக்கும் முன்னால் வாப்பாவின் இரண்டு கையையும் பிடித்து முஸாபஹா செய்தபோதுதான் வாப்பாவுக்கு விளங்கியது. மறைப்புத் துணியின் இடைவெளியால் நான் பார்த்தேன், அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. பிறகு சஹன் தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராக இருந்து கந்தூரிச் சோற்றில் கை நனைத்தார்கள், அவரும்தான்.

அடுத்த தவணையில் ஹாஜியார் கந்தோரில் சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. எங்கட ஆக்கள் அல்லாஹ்வுக்கு முன்னால பொருந்திக்கிட்டாங்க, ஆமீன் சொன்னாங்களா இல்லையா எண்டு அவங்களையே கேளுங்க என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக நம் வீட்டுப் படலைக்கு வந்தார்கள். லொறியில் ஏற்றி இறக்குகிற கலந்தர் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வாப்பாவிடம், காக்கா, துஆவுக்கு ஆமீன் சொல்லிட்டு மறுகா எப்படி மாத்திக் கதைக்கிற, புள்ள குட்டிக்காரன் காக்கா நான் என்று நின்றான். அவன் மெய்யாகப் பயந்தானா, கூடுகிற சம்பளத்துக்கு அது ஒரு சாட்டாக வாய்த்ததா, எனக்குத் தெரியாது, அவனுக்கே தெரியுமோ தெரியாது. வாப்பா பெரிய பள்ளிவாசலுக்குப் போய் ஆலிமைக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னவென்று தெரியாமல் சொன்ன ஆமீன் ஒருவரையும் கட்டாது, ஆனால் ஊரில் கரைச்சல் வேண்டாம் என்று அவர் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சொல்லியிருக்கிறார். வாப்பா அதை மற்றவர்களுக்குச் சொன்னார், வேணும் எண்ட பத்வாவ நீங்க கேட்டு எடுத்திருப்பீங்க என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு வாப்பா என்னிடம் சொன்னார், மத்தவனுக்கு விளக்கம் சொல்லிட்டன் சுஹறா, நானும்தானே சொன்னன், என்ட வாய்க்கு என்னத்தச் சொல்ற என்று. கடைசியில் சங்கத்தில் மிஞ்சியது வாப்பாவும், விரல் விட்டு எண்ணக்கூடிய நம்மாட்களும், அந்தத் துஆவில் இல்லாத காரைதீவுப் பெண்களும். அவர்களை எந்த ஆமீனும் கட்டவில்லை, அவர்கள் ஒருத்திகூட விலகவில்லை. உடனே தேத்தண்ணிக் கடையில் கதை வந்துவிட்டது, இப்ப அது தமிழாக்கள்ற சங்கம் என்று. இந்தக் காலத்தில் இந்த ஊரில் அந்தக் கதைக்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நம்மாட்களும் தமிழாட்களும் வெட்டுப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு நீ ஊரில் இருந்தவன்.

அந்தக் கிழமைதான் ஹாஜியார் நம் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார், நீலக் கதிரையில் உட்கார்ந்தார், வாப்பா வழக்கம்போலப் பாயில். அவர் கெட்ட மனிதர் என்று எழுத எனக்கு மனம் வராது, என் தம்பி மௌத்தான அன்று கபன் துணியோடு முதலில் வந்து நின்றவர் அவர்தான். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். உன்னைத்தான் விசாரித்தார், தம்பி அஸ்கிக்கு அங்க என்ன வேல, எப்ப வாறார் என்று. பழைய பொயிலர் இன்னும் எத்தனை நாளைக்கு, புதியது எடுக்கப் போகிறேன், அதற்குப் படித்த கை வேண்டும், உங்கட மகன் இரிக்கக்க நான் ஏன் வெளியாளத் தேடுற என்றார். கூட்டின சம்பளமும் உண்டு. மில்லில் மற்றவர்களின் பிள்ளைக்கு உள்ளது அவனுக்கும் உண்டு. பிறகு தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, அந்தச் சங்க வேலய மட்டும் விட்டிருங்க மீராமுகைதீன், ஒங்களுக்கு ஏன் இந்த வயசுல என்றார். அவ்வளவுதான். வெருட்டவில்லை. அவர் போன பிறகு நான் வாப்பாவின் முன்னால் போய் நின்றேன். அந்தப் பெண்கள் நமக்கு என்ன செய்தார்கள், உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் விலகிவிட்டார்கள், நீங்கள் ஒருவர் நின்று யாருக்கு என்ன வாங்கிக் கொடுக்கப் போகிறீர்கள், எனக்கு என்ட புள்ளயத் தாங்க என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன், அஸ்னாவும் மக்கீனும் உள்ளுக்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் உன் வாப்பாவிடம் நான் ஒன்றைச் சொன்னால் அவர் அதற்கு ஒன்பது சொல்லாமல் விட்டதில்லை, உனக்குத் தெரியும். அன்றைக்கு ஓம் என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்முனைக்குப் போய்க் கந்தோரில் சங்கத்தை மூடிக் கையெழுத்து வைத்துவிட்டு, அங்கிருந்து நேரே வேலைக்குப் போய்விட்டார்.

நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. நான் நினைத்தது போலத்தான் எல்லாம் நடந்தது, அதில் ஒரு பிசகும் இல்லை. ஹாஜியார் சொன்ன சொல் மாறவில்லை, வாப்பாவுக்குச் சம்பளம் கூட்டிவிட்டார், சாப்பாட்டு அரிசி வீட்டுக்கே வருகிறது. களத்துப் பெண்களை மட்டும் இனி மில் நேரடியாக எடுக்காதாம், ஒரு கொந்தராத்துக்காரர் தனக்கு வேண்டியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவாராம். வந்த முதல் நாளே அவர் அன்னப்பிள்ளையைக் கூட்டவில்லை, கால் இழுக்கிறவள் சுணங்குவாள் என்று. அவள் மில் வாசலில் நின்றுவிட்டு நம் வீட்டுக்கு வந்தாள். ஏச வருகிறாள் என்று நினைத்து நான் ஆயத்தமாக நின்றேன். அவள் ஏசவில்லை. காக்காவ ஒண்டும் கேட்டுப்போடாத புள்ள, அவர் எங்களுக்காக எவ்வளவு பட்டவர், மகன் வாறாராமே, நல்லம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், எனக்கும் உடம்பில் ஏதாவது அசைந்திருக்கும். வாப்பா உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. அவர் இப்போது வேலைக்குப் போகிறார், வருகிறார், தொழுகிறார், கேட்டால் ஓம் என்கிறார். கறியில் உப்புக் கூடினால் வீட்டை இரண்டாக்குகிற மனிதர், இப்போது எதை வைத்தாலும் தின்கிறார். ஒருநாள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் மீனாணம் காய்ச்சி வைத்தேன், ஒரு சண்டையாவது வரட்டும் என்று. முழுவதையும் பிசைந்து தின்றுவிட்டு எழுந்து கை கழுவினார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது, அதுவும் கொஞ்ச நேரம்தான், பிறகு அதுவும் மரத்துவிட்டது. நீலக் கதிரையிலும் இப்போது உட்காருகிறார். மக்கீன் அஸ்னாவிடம், மாமா எனக்கு ரெண்டு ஏச்சு ஏசினாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவரிடம், அஸ்கிக்கு வரச்சொல்லி எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அப்போதுதான் கன நாளைக்குப் பிறகு நாலு சொல் சேர்த்துப் பேசினார். எழுதக்க அந்த எடம் எப்படிக் கெடச்ச எண்டும் எழுது, மறைச்சி எழுதாத, வந்த பிறகு அவன் தேத்தண்ணிக் கடையில கேட்டுத் தெரிஞ்சிக்கப்படா என்றார். அதனால் எழுதிவிட்டேன், ஒன்றும் மறைக்கவில்லை. இதை வாசித்துவிட்டு உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும் மகன், நீ அவருடைய பிள்ளை. இப்படி வந்த வேலை எனக்கு வேண்டாம், கபீலிடம் கையெழுத்து வைத்துவிட்டு இங்கேயே கிடக்கிறேன் என்று ரோசம் வரும். வேண்டாம். இதற்குரிய விலையைக் கொடுத்தாகிவிட்டது. நீ வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பெண்களுக்குச் சேமலாப நிதி வரப்போவதில்லை. நீ வராவிட்டால் உன் வாப்பா தன் கையால் சங்கத்தை மூடிவிட்டு வந்ததற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும், தினமும் பொயிலரடியில் வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். அதை நான் பார்க்கமாட்டேன். வேண்டாம் என்று சொல்லுகிற உரிமை உனக்கு முந்தி இருந்தது, இப்போது இல்லை. கபீலிடம் முடித்துக்கொண்டு வா. உன்னைக் கேட்டவள் நான், வேறு ஒருவரிலும் கோபப்படாதே, கோபப்பட வேண்டுமென்றால் என்னோடு கோபப்படு, அதைத் தாங்குவேன்.

றாஹிலா வீட்டில் இப்போதே சுவருக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டார்கள், அவளுடைய உம்மா நேற்று வட்டிலப்பம் கொடுத்து அனுப்பினா. நீ வரும்போது வீண் சாமான் வாங்கிச் சுமக்காதே, கொழும்பில் இறங்கியதும் தனியாக பஸ் ஏறாமல் நம்மூர் ஆட்களோடு சேர்ந்து வா, அடையாள அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள். பகலில் தலையில் துணி போடாமல் வேலை செய்யாதே, நேரத்துக்குச் சாப்பிடு, பஜ்ர் தொழுகையைத் தவற விடாதே. வந்த பிறகு ஒருநாள் காரைதீவுக்குப் போய் அன்னப்பிள்ளையைப் பார், வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான உணவையும் மனத்துக்கு ஆறுதலையும் தந்து, உன்னைச் சுகமாக என் கண்ணுக்கு முன்னால் கொண்டு வந்து சேர்க்கட்டும். வீட்டு வாசலில் வாப்பா நிற்பார், கையைப் பிடித்து ஸலாம் சொல்லு, பயணத்தைப் பற்றிக் கதை, சவூதியைப் பற்றிக் கதை, என்ன வேண்டுமென்றாலும் கதை. இடம் எடுத்துத் தந்ததற்கு நன்றி என்று மட்டும் ஒருநாளும் அவருக்குச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் உம்மா
மீ. சுஹறா